குழந்தைகளின் உணவில் காய்கனி

தலைவாசல் சந்தையை விடியற்காலையில் காண்போர்க்கு நம் பகுதியின் வளம் நன்கு விளங்கும். கத்தரியும் தக்காளியும் வெண்டையும் மூட்டை மூட்டையாய் வந்திறங்கி வெளியூர்களுக்கு லாரியேறுகின்றன. மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் வாழை செழிக்கிறது. கோடையில் சேலத்து மாம்பழம் தொலைதூரம் செல்கிறது. இத்தகைய பூமியில் நம் குழந்தைகள் என்ன உண்கின்றனர் என்பதை அங்கத்தினர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

நல்ல காய் சந்தைக்குப் போகிறது. விலை போகாதது வீட்டுக்கு வருகிறது. தறிக் குடும்பங்கள் பலவற்றில் கூலி பெறும் நாளில் மட்டுமே காய்கறி. ஏனைய நாட்களில் சோறும் குழம்புமே. பிள்ளை அழுதால் கடைத் தின்பண்டம். 2019-21 இல் நிகழ்ந்த தேசிய குடும்ப நல ஆய்வு, நம் மாநிலத்தில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுற்றவர் எனக் கண்டது. காரணங்கள் பல, உணவுக் குறை அவற்றுள் முக்கியமானது.

2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 250 கிராம், 6 முதல் 9 வரை 350 கிராம், அதற்கு மேல் 400 கிராம் காய்கனி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வகுத்துள்ளது.

பள்ளியில் சத்துணவு உண்டே என்பர். 1956 இல் காமராசர் காலத்தில் மதிய உணவு பரவியதும், 1982 இல் எம்.ஜி.ஆர். அதனை விரிவாக்கியதும் பெரும் பேறே. நாமக்கல் முட்டையும் குழந்தைகளின் தட்டை அடைந்துள்ளது. ஆயினும் முட்டையில் வைட்டமின் 'சி' இல்லை, நார்ச்சத்தும் இல்லை. கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு அந்த வைட்டமின் துணைபுரிகிறது. சிறிது நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இதற்கு உதவும்.

பிள்ளை மறுக்கிறதென்று தாய்மார் கைவிடலாகாது. புதிய காயைப் பத்து முறையேனும் சிறிதளவு வைத்துப் பார்க்க வேண்டும். அடித்து ஊட்டுதல் வெறுப்பையே வளர்க்கும். பெற்றோரும் உடனிருந்து அதனையே உண்ணுதல் நன்று.

நம் சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கூலி வழங்கும் நாளில் நெசவாளர் சங்க வாயிலில் விவசாய அங்கத்தினர்களின் காய்கறிக் கூடைகள் வரட்டும். 1999 இல் தொடங்கிய உழவர் சந்தையைப் போல இங்கும் தரகு இராது. விளைவிப்பவருக்குச் சந்தை விலைக்குக் குறையாமலும், வாங்குபவருக்குக் கடை விலைக்கு மிகாமலும் சங்கமே விலையை நிர்ணயிக்கலாம். கையில் பணமில்லாதோர்க்குக் கணக்கில் பற்றெழுதி அடுத்த கூலியில் கழிக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை விவாதித்து, ஒரு சங்கமேனும் மூன்று மாதம் நடத்திப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.