லீக் சுற்று முடிகையில் கற்பனை அணி: வியாஸ்காந்த் ஆடிய ஆட்டத்தின் கணக்கு

ஐபிஎல் லீக் சுற்றின் கடைசி வாரத்தில் கைபேசியில் கற்பனை அணி அமைக்கும் வன்னி இளைஞர்கள், பெரிய பெயர்களைக் கொஞ்சம் மறக்க வேண்டும். முதல் 4 இடங்களுக்குள் உறுதியான அணி தன் முன்னணி வேகப்பந்து வீச்சாளருக்கு ஓய்வு கொடுக்கலாம். வாய்ப்பிழந்த அணி புதியவரை இறக்கிப் பார்க்கும். தலைவருக்குப் புள்ளி இரட்டிப்பு. அவர் ஆடாவிட்டால் அதுவும் பூச்சியம். ஆகவே நாணயச் சுழற்சிக்குப் பிறகு வெளிவரும் பதினொருவர் பட்டியலைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

2024 மே 8 அன்று நம் விஜயகாந்த் வியாஸ்காந்த், ஹைதராபாத் அணிக்காக லக்னோவுக்கு எதிராக முதன்முதலாகக் களமிறங்கினார். வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர் அவர். 4 ஓவர்களில் 27 ஓட்டங்களே கொடுத்தார், இலக்கு விழவில்லை. நல்ல பந்துவீச்சுத்தான். ஆனால் கற்பனை அணியில் சிக்கனத்துக்குக் கிடைப்பது சொற்பம், இலக்குக்கே அதிகம். அன்று புள்ளிகளை அள்ளியவர் 30 பந்துகளில் 89 அடித்த ட்ராவிஸ் ஹெட். வியாஸ்காந்தைத் தலைவராக்கியவர்கள் பாசத்தில் தோற்றார்கள். அதில் வெட்கமில்லை, காசு கட்டாதவரை.

காசு கட்டினால் அது வேறு கதை. 2025 ஆகஸ்டில் இந்தியா பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டத்தால் தடைசெய்தது. ட்ரீம்11 நிறுவனமும் பணப் போட்டிகளை நிறுத்தியது. இனி முன்பணம் கேட்டு வரும் முகம் தெரியாத செயலியில், நுண்கடன் தவணைக்கு எடுத்து வைத்த காசு போனால், கிளிநொச்சியிலிருந்து யாரிடம் போய்க் கேட்பது?