குலதெய்வமும் கிளைஞரும்

பங்குனி உத்திரம் நெருங்கும்போது, கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சியில் பூட்டிக் கிடந்த வீடுகள் பல திறக்கப்படுகின்றன. சென்னை, மும்பை முதலிய நகரங்களில் வாழ்வோர் மனைவி மக்களுடன் வந்து சேருகின்றனர். நெல்லைச் சீமையில் குடும்பந்தோறும் ஒரு சாத்தாவைக் குலதெய்வமாகக் கொள்வது மரபு. அக்கோயில்கள் பெரும்பாலும் குளக்கரையிலும் காட்டருகிலும் அமைந்தவை. தம் சாத்தா எவரென அறியாதாருள், காரையாற்றுச் சொரிமுத்து ஐயனாரை வணங்குவாரும் உளர்.

"ஒரு நாள் விழாவுக்கு இத்துணைச் செலவும் அலைச்சலும் எதற்கு? தொலைபேசியில் நலம் கேட்டால் போதாதோ?" என வினவுவார் சிலர். போதாது. கோயில் முன்றிலில் ஒருவர் அடுப்பு மூட்டுகிறார், ஒருவர் நீர் கொணர்கிறார், பொங்கல் பொங்குகிறது. உயர்பதவி வகிப்பவரும் ஏர் பிடிப்பவரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். வரப்புத் தகராற்றால் பேசாதிருந்த உடன்பிறந்தாரும் அங்கே எதிரெதிர் இலைகளில் உண்கின்றனர். அதனால் வழக்குத் தீர்ந்துவிடாது. ஆயினும் பேசுதற்கு வழி பிறக்கும்.

"இவர் உனக்குச் சிற்றப்பா, அவள் உன் அத்தை மகள்" என்று பாட்டி சுட்டிக் காட்டும்போதே சிறுவன் தன் கிளைஞரை அறிகிறான். அம்முதியோர் மறைந்தபின் அவ்வறிவை எந்த நூலில் தேடுவது? குலதெய்வத்தை மறந்த குடும்பம் இழப்பது ஒரு கோயிலை மட்டுமன்று. அங்கே ஆண்டுதோறும் கூடும் உறவினரையும் இழக்கின்றது.

ஆதலின், விழாவுக்குச் செல்லும் இளைஞர் பொங்கலுண்டு மீள்வதோடு அமையாது, முதியோர் கூறும் பெயர்களையும் உறவுமுறைகளையும் ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அதுவே அவர்தம் கடன்.