1,860 சதவீத டிவிடெண்ட்: பீரோவில் கிடக்கும் பத்திரத்துக்கு வருமா?

ஸ்ரீரங்கத்திலோ தில்லைநகரிலோ தாத்தா வாங்கிப்போட்ட ‘சுந்தரம் கிளேட்டன்’ ஷேர் பத்திரம் பீரோவில் கிடக்கிறதா? அந்தக் கம்பெனியின் பெயர் 2023லேயே டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் என்று மாறிவிட்டது. இப்போது சுந்தரம் கிளேட்டன் என்ற பெயரில் இருப்பது, அதிலிருந்து பிரிந்த வேறு கம்பெனி.

டிவிஎஸ் மோட்டாரில் பாதிக்குச் சற்று மேலான பங்குகள் ஹோல்டிங்ஸ் வசம் உள்ளன. மோட்டார் தரும் டிவிடெண்டில் பாதி இங்கே வரும். அதில் ஒரு பகுதி பங்குதாரருக்குப் போகும். 2024-25க்கு மோட்டார் தந்தது பங்குக்கு ரூ.10. ஹோல்டிங்ஸ் தந்தது ரூ.93, அதாவது 1,860 சதவீதம்! கேட்டாலே தலை சுத்தும். ஆனால் இது ரூ.5 முகமதிப்புக்கான கணக்கு. ஒரு பங்கை ரூ.9,000 கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பது 1 சதவீதம்தான். தாத்தா வாங்கிய விலைக்குத்தான் அது லாட்டரி.

அந்த லாட்டரியும் சும்மா வராது. காகிதப் பத்திரம் வைத்திருப்பவர் பான், வங்கிக் கணக்கு, மாதிரிக் கையெழுத்து, தொடர்பு விவரம் தராவிட்டால், 2024 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் நிறுத்திவைக்கப்படும். ஏழு வருஷம் கேட்காமல் விட்டால் பணம் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போகும். தொடர்ந்து ஏழு வருஷம் என்றால் பங்கும் கூடவே போய்விடும். ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டு மீட்கலாம். ஆனால் வாரிசுச் சான்று, கையெழுத்து ஒத்துப்போவது என்று எண்பது வயசுக்காரர் எத்தனை தரம் அலைவார்?

மோசடியைத் தடுக்க விதி வேணும், சரி. உதவியும் வேணுமே? உரிமை கோராத டிவிடெண்டுக்காக 2025ல் புனே, ஹைதராபாத்தில் முகாம் நடத்தினார்கள். அடுத்ததைத் திருச்சியில் நடத்தட்டும்.