உம்மாவின் பெயர் எந்த அட்டையில் உள்ளது?



கீழக்கரையிலிருந்து வந்து, நங்கநல்லூரில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் உம்மாவை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி. மருத்துவமனை முகப்பில் "காப்பீட்டு அட்டை உண்டா?" என்று கேட்கிறார்கள். அவர் பெயரோ இன்னும் ஊரிலுள்ள குடும்ப அட்டையில்! இத்தகைய நிலை நம்மில் பல இல்லங்களுக்கு நேரக்கூடியதே.

தமிழக அரசின் மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் தொடங்கியது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எனும் பெயர் பெற்றது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. 2022 ஜனவரியில் நீட்டிக்கப்பட்டபோது வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் அது குடும்பம் முழுமைக்குமான தொகை, ஆளுக்கு ஐந்து லட்சமன்று. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே பொருந்தும். அன்றாட இரத்த அழுத்த மாத்திரைக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம்.

"காப்பீடு என்றால் வட்டியாயிற்றே" என்று தயங்கும் பெரியவர்கள் உண்டு. அத்தயக்கம் மதிக்கத்தக்கது. எனினும் இங்கே நாம் ஒரு காசும் கட்டுவதில்லை. தவணைத் தொகையைச் செலுத்துவது அரசு. இவ்விவரத்தைச் சொல்லி உங்கள் மஹல்லா ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். கேளாமலே மறுத்துவிட்டுக் கடன் வாங்கி வட்டி கட்டுவது எவ்வகையில் பேணுதலாகும்?

எழுபது வயது நிறைந்தோருக்கென மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை அறிமுகப்படுத்தியது. இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆதாரிலுள்ள வயதே அளவுகோல். எந்த அட்டையானாலும், சேர்க்கைக்கு முன் அந்த மருத்துவமனை அதை ஏற்கிறதா என்று கேட்டறிவது அவசியம்.

நங்கநல்லூர்வாசிகளுக்கு அருகிலேயே, கிண்டி கிங் நிலைய வளாகத்தில், 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டுள்ளது. அரசு மருத்துவமனையாயினும் அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள். காப்பீட்டுத் தொகை அம்மருத்துவமனைக்கே சேரும்.

இறுதியாக, நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். ஆதாரில் "முஹம்மது", குடும்ப அட்டையில் "முகமது". ஒன்றில் "பீவி", மற்றதில் "பீ". உடல்நலத்தோடு இருக்கும்போதே இவற்றைத் திருத்தி, உம்மாவின் பெயரை அவர் வாழும் வீட்டு அட்டைக்கு மாற்றுங்கள். பின்னர் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்திற்குச் செல்லுங்கள். ஐயமிருப்பின் 1800 425 3993 எனும் கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்கலாம்.