தாலிக்கு முன்னே தரகு!

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் பெரியவரே. எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம். முகூர்த்தத்துக்கு வந்து உக்காந்தா போதும்."

நைனார்பாளையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில், நம் காதுபடச் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. சொன்னவர் ஓர் இளைஞர். கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆள். கையில் இருந்த போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். பூவால் செய்த யானை, புகை கக்கும் மேடை, மணமக்கள் தலைக்கு மேலே பறக்கும் ட்ரோன்! தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் அந்த மனிதர், கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையால் போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

வந்து உட்கார்ந்தால் போதுமாம்! உட்காரச் சொல்கிறார்கள். எழுந்திருப்பது எப்போது என்பதை யாராவது சொன்னார்களா?

கணக்குப் போடுவோம். பேனாவும் காகிதமும் வேண்டாம், கூலிக்காரனுக்கு மனக்கணக்கே போதும். இந்தக் கம்பெனிகள் பொதுவாக மொத்தச் செலவில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தங்கள் கட்டணமாக எடுக்கின்றன. குறைந்ததையே வைத்துக்கொள்வோம். மூன்று லட்ச ரூபாய்க் கல்யாணம் என்றால் பத்து சதவிகிதம் முப்பதாயிரம். ரசீது போடும் கம்பெனியானால் அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., அதாவது 5,400. ஆக 35,400 ரூபாய்.

நூறு நாள் வேலைக்கு 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 33,600தான் வரும். (நூறு நாள் முழுசாகப் பார்த்தவர் எத்தனை பேர் என்று வாசகர்களே கையைத் தூக்கிச் சொல்லுங்கள்!) ஒரு வருஷம் ஏரியிலும் வாய்க்காலிலும் மண் அள்ளிய கூலி அத்தனையையும் கொடுத்தாலும், "பாத்துக்கிறோம்" என்று சொன்ன வாய்க்கே போதவில்லை. அரிசி, காய்கறி, மண்டபம், மேளம், துணி, தாலி எல்லாம் அதற்கப்புறம். பத்து லட்சக் கல்யாணத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டணமும் வரியும் 1,18,000. 351 நாள் கூலி!

இதில் இன்னொரு சூது உண்டு. செலவில் பங்கு என்று பேசிக்கொள்கிறவன் செலவைக் குறைப்பானா? "அந்த மேடை வேண்டாம், இந்த வாழைமரமே போதும்" என்று சொன்னால் அவன் வருமானமல்லவா குறைகிறது? பூக்காரரிடமும் போட்டோக்காரரிடமும் மண்டபத்துக்காரரிடமும் தனித்தனியே கமிஷன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம்மிடம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிக்கும் தரகர்கூட மாட்டின் விலை ஏற ஏறத் தன் கூலி ஏறும் என்று பகிரங்கமாக எழுதிக் காட்டியதில்லை.

இந்த ஆடம்பரத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள்? கூலிக்காரன் தானாகக் கற்றுக்கொண்டானா? 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த ஒரு கல்யாணத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகனின் கல்யாணம். சொத்துக்குவிப்பு வழக்கில் அந்தச் செலவைப் போலீஸ் தரப்பு 6 கோடியே 45 லட்சம் என்றது. 2014-இல் விசாரணை நீதிமன்றம் 3 கோடி என்றது. 2015-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் 28 லட்சத்துச் சொச்சம் என்றது! 2017-இல் உச்சநீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. பெரிய இடத்துக் கல்யாணத்தின் செலவு கோர்ட்டுக்குக் கோர்ட் உருகிவிடுகிறது. நம் வீட்டுக் கல்யாணக் கடனில் வட்டிக்காரன் ஒரு பைசாவையாவது உருகவிட்டானா?

அம்பானி வீட்டுக் கல்யாணம் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஜாம்நகரில் முன்கொண்டாட்டம். அங்கே உலகப் பணக்காரர்கள் நேராக வந்து இறங்குவதற்காக, ராணுவத்துக்குச் சொந்தமான விமான நிலையத்துக்குப் பத்து நாள் சர்வதேச அந்தஸ்து கொடுத்தது மத்திய சர்க்கார். ஜூலை 12-இல் மும்பையில் கல்யாணம். அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூலை 3 முதல், ஜியோ கட்டணம் 12 சதவிகிதத்திலிருந்து 25 சதவிகிதம் வரை உயர்ந்தது. மொய் எழுதாதவன் எவனும் இல்லை, தோழர்களே! ஆட்டுக்குப் பின்னால் போகும் பையன்கூட ரீசார்ஜ் கடையில் எழுதிவிட்டுத்தான் வந்தான். சாப்பாடு மட்டும் நமக்கு இல்லை.

"இந்தியாவிலேயே கல்யாணம் செய்யுங்கள்" என்று 2023 டிசம்பரில் டேராடூனில் முதலீட்டாளர்களைக் கூட்டிவைத்துப் பிரதமர் பேசினார். வெளிநாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்பவர்களைப் பற்றிய கவலை அவருக்கு. வியாபாரிகளின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024 முகூர்த்த சீசனுக்கு ஒரு மதிப்பீடு வெளியிட்டது: 48 லட்சம் கல்யாணம், 5.9 லட்சம் கோடி ரூபாய் வியாபாரம். வகுத்தால் கல்யாணத்துக்குச் சராசரி பன்னிரண்டு லட்சம் வருகிறது. சராசரி என்பது வெகு சாமர்த்தியமான வார்த்தை. அம்பானியையும் கல்வராயன் மலைக் கூலியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, இருவரும் சமமாகச் சாப்பிட்டார்கள் என்று ஏப்பம் விடுகிறது!

உடனே சில பெரிய மனிதர்கள் உபதேசிக்க வருகிறார்கள். "ஏழைகள் சிக்கனமாக இருக்கக்கூடாதா? அந்தக் காலத்தில் ஊரே கூடிச் செய்யவில்லையா?" என்கிறார்கள். அந்தக் காலம் எங்களுக்கும் தெரியும். சேரியிலிருந்து பறையடிக்க வந்தவன் பந்தலுக்கு வெளியே நின்றான். வண்ணார் மாற்றுத் துணி விரித்தார், நாவிதர் சவரம் செய்தார். கூலி? ஒரு படி அரிசி, பந்தி முடிந்தபின் மிஞ்சிய சோறு. அந்தக் கல்யாணத்தைப் பொற்காலம் என்று யார் பாடினாலும் நாம் கூடச் சேர்ந்து பாடமாட்டோம். தன் மகள் ஒரு நாளாவது நாற்காலியில், விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க உட்காரவேண்டும் என்று இன்று ஒரு கூலிக்காரன் ஆசைப்படுகிறான் என்றால், அந்த ஆசையில் குற்றமில்லை. அந்த ஆசையை விலைச்சீட்டாக மாற்றுகிறவனோடுதான் நமக்கு வழக்கு.

அந்த வழக்கு இந்த இளைஞரிடம் தொடங்கவில்லை. தமிழ்நாட்டின் முதல் கல்யாணக் கம்பெனிக்காரர்கள் மில் முதலாளிகள்! கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்றை நடத்தின. கிராமத்துக்குத் தரகர் வருவார். "பெண்ணை மூன்று வருஷம் மில்லுக்கு அனுப்புங்கள். முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் தருவார்கள். கல்யாணக் கவலை விட்டது" என்பார். பெண் விடுதியில் அடைபடுவாள். நினைத்தபடி வெளியே போக முடியாது. பஞ்சுத் தூசியில் இருமல், இரவு ஷிப்டில் தூக்கமில்லை. மூன்று வருஷம் முடியுமுன் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகை போச்சு. 2011-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு நிறுவனங்கள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் திகைத்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டன. அந்தத் தொகை என்ன, முதலாளி போட்ட சீதனமா? மாதாமாதம் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவள் பணத்தையே அவளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார்கள். கெட்ட பேர் வந்ததும் சுமங்கலி என்ற பலகையைக் கழற்றினார்கள். விடுதியில் அடைத்து வேலை வாங்கும் முறை கழலவில்லை.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரிக்கு நல்ல அறுவடைக் காலம் எது தெரியுமா? கல்யாண மாதம். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது என்றால் மனிதன் வாக்குத் தவறமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். சட்டம் இயற்றியவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், முன்பணத்துக்காக உழைப்பவனைச் சொல்லிவிட்டு, அடுத்தபடியாக, வழக்கம் அல்லது சமூகக் கடமையை நிறைவேற்றுவதற்காகக் கட்டுப்பட்டவனையும் சேர்த்துச் சொல்கிறது. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் அதிகாரம் ஒழிந்ததும் அதே 1976-இல்தான். ஜாகீர்தார் போனார். முன்பணச் சீட்டு மலையேறிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று லட்சத்தில் பெரும்பகுதி கடன் என்றால், அந்தப் பெரியவர் தை மாதம் மணப்பந்தலில் உட்கார்ந்து மாசி மாதம் சூளையில் எழுந்திருப்பார்.

மேடைக்குப் பின்னாலும் போய்ப் பார்ப்போம். வாசலில் பன்னீர் தெளித்துச் சிரிக்கும் பெண்கள், இலை எடுக்கும் அம்மாக்கள், வாளி தூக்கும் கல்லூரிப் பையன்கள், ராத்திரியெல்லாம் சாரம் ஏறிச் சீரியல் விளக்கு கட்டுகிறவர்கள். இவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள். மின்சாரம் தாக்கினால் இழப்பீடு கேட்க இவர்களுக்கு முதலாளி யார்? கம்பெனி காண்டிராக்டரைக் காட்டும். காண்டிராக்டர் சப்-காண்டிராக்டரைக் காட்டுவார். விருந்தாளியின் பையிலிருந்து எடுத்ததும் லாபம், பரிமாறுகிறவன் கூலியிலிருந்து பிடித்ததும் லாபம்.

கல்யாணத்துக்குச் சட்டம் கேட்பது என்ன? 1928-இல் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் நடந்த கல்யாணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். 1967-இல் அண்ணாதுரை சர்க்கார் அதைச் சட்டமாக்கியது. உற்றார், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொன்னால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். பெருங்கூட்டத்துக்கு முன்னால் அறிவித்துத்தான் நடத்தவேண்டும் என்பதில்லை என்று உச்சநீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. 2009-இன் சட்டப்படி 90 நாளைக்குள் பதிவு செய்யவேண்டும், அவ்வளவே. இந்தப் பட்டியலில் பூ யானை எங்கே இருக்கிறது?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சங்கத் தலைவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் இப்போது புகை மேடை வந்துவிட்டது. செங்கொடி கட்டிய வளைவில் யார் காசில் விளக்கு எரிகிறது என்று கிளையில் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

நைனார்பாளையம் வட்டாரத் தோழர்களுக்கு: தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எந்தக் கிளையில் அண்டா, குண்டான், ஜமுக்காளம், நாற்காலி எத்தனை இருக்கிறது என்று எழுதி எடுங்கள். இல்லாததைச் சங்கத்தின் பேரில் வாங்கி வையுங்கள். சமையல் தெரிந்த தோழர்கள், பந்தல் போடத் தெரிந்த தோழர்கள் பேரையும் எழுதுங்கள். அவர்களுக்கு நியாயமான கூலி கொடுப்பதென்று முதலிலேயே தீர்மானம் போடுங்கள். நம் சங்கமே இலவச உழைப்பு வாங்கினால் வாய் திறக்க நமக்கு என்ன யோக்கியதை? அந்தத் திண்ணைக்கு முதலில் போங்கள். அந்த இளைஞர் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்.