ஆட்டுப்பால் சோப்பில் சிக்கு வாடை... வாசனை எண்ணெய் தீர்வாகுமா?

கேள்வி: ''மகளிர் குழுவாகச் சேர்ந்து செக்குத் தேங்காய் எண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் சோப் தயாரிக்கிறோம். ஒரு மாதம் ஆனதும் சிக்கு வாடை அடிக்கிறது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். வாசனை எண்ணெயைக் கூடுதலாகச் சேர்க்கலாமா?''
- வாசகி, புழல்.

பதில்: வாசனை எண்ணெய் சில நாள்கள்தான் வாடையை மறைக்கும்; அது ஆவியானதும் வாடை திரும்ப வந்துவிடும்.

தேங்காய் எண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் காப்ரிலிக், காப்ரிக் என்ற கொழுப்பு அமிலங்கள் உள்ளன. லத்தீனில் 'காப்ரா' என்றால் ஆடு. பெயரே அந்த வாடையிலிருந்து வந்ததுதான். எண்ணெய்க்குள் கட்டுண்டு இருக்கும் வரை இவை மணப்பதில்லை. ஈரமும் பூஞ்சணமும் பட்டுப் பிரிந்தால்தான் வாடை கிளம்பும். எனவே, காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும்.

கொப்பரை: ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த கொப்பரையை ஆட்டிய புது எண்ணெயையே பயன்படுத்துங்கள். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் பழைய எண்ணெய் தெரிந்துவிடும். அதை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் சோடா: ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் தேவை. தோலுக்கு இதமாக 5 சதவிகித எண்ணெயை மீதம் விட, 174 கிராம் போதும். திறந்து வைத்த சோடா ஈரம் இழுத்து வீரியம் குறையும். அதனால் எண்ணெய் அதிகம் மிஞ்சி, பிறகு சிக்கு பிடிக்கும். வாடை போக வேண்டும் என்று சோடாவைக் கூட்டிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். டிஜிட்டல் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

பால்: அன்று கறந்த பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஐஸ் கட்டியாக உறையவையுங்கள். கையுறை, கண்ணாடி அணிந்து, சோடாவைச் சிறிது சிறிதாகப் பாலில் போட வேண்டும். சோடாவின் மேல் பாலை ஊற்றக் கூடாது. பால் சூடேறினால் பழுப்பாகி, அமோனியா வாடை வரும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர் நல்லது.

உலர்த்துதல்: ஏரியும் கடலும் பக்கத்தில் இருப்பதால் புழலில் காற்றில் ஈரம் அதிகம். வெட்டிய கட்டிகளை மரச்சட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் 4 முதல் 6 வாரங்கள் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறி அவசியம். காயும் முன் பிளாஸ்டிக் உறையில் போடக் கூடாது. இரும்பு, செம்புத் தட்டுகள் சிக்கை விரைவுபடுத்தும்.

ஆரஞ்சுப் புள்ளி விழுந்த கட்டிகளை உருக்கி மறுபடி வார்த்தாலும் வாடை போகாது. அவற்றைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தயாரிப்புக்கும் தேதி, எண்ணெய் வாங்கிய நாள், சோடா அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். எந்தக் கட்டத்தில் தவறு என்பது அடுத்த முறை புரியும்.

குளியல் சோப்பை விற்பனைக்குத் தயாரிக்க, அழகுசாதனப் பொருள்கள் விதிகள் 2020-ன்படி உரிமம் தேவை. அதையும் பெற்றுக்கொண்டால், குழுவின் பெயரில் தைரியமாக விற்கலாம்.