பிள்ளைகளுக்கு ஆர்வமில்லையாம்



சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டால் புத்தளம் டவுனில் பேனர் கட்டக் கம்பம் போதாது. 9ஏ எடுத்த பிள்ளைகளின் முகம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தொங்கும். சந்தோஷம். உழைத்த பிள்ளைகள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். நான் எழுத வந்தது பேனரில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி.

இந்த முறை ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு ஹாஜியார் எழுதியிருந்தார்: "டவுனுக்கு வெளியே உள்ள பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை. வாடிக்கும் உப்பளத்துக்கும் போய் நாலு காசைக் கண்டால் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்." கீழே வரிசையாகப் பெருவிரல்கள். அதில் ஆசிரியர்களும் இருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, ஆர்வத்தைப் பற்றியே பேசுவோம். கல்பிட்டிப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை. பெயர் வேண்டாம், சொன்னால் அதிபரின் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். அங்கே இம்முறை பரீட்சை எழுதிய வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தது யார் என்று விசாரித்துப் பார்த்தேன். ஆறாம் தரத்தில் கிழக்கிலிருந்து வந்த ஒரு டீச்சர், நல்ல டீச்சர். ஏழாம் தரத்தின் பாதியில் அவருக்குப் பிரசவ விடுமுறை, பதிலுக்கு ஆள் வரவில்லை. எட்டில் அவருக்கு ஊருக்கே இடமாற்றம் கிடைத்துவிட்டது. ஒன்பதில் விவசாயப் பாட ஸேர் தன்னால் முடிந்ததைச் செய்தார். பத்தில் இரண்டு தவணை அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் மைதானத்தில். பதினொன்றில் உயர் தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஊர்த் தங்கச்சி ஒருவர், பெற்றோர் சேர்த்துக் கொடுத்த சில்லறைக்கு வந்து படிப்பித்தார். டியூஷனுக்கு டவுன் வருவதென்றால் பஸ் காசு வேறு, பொம்பிளைப் பிள்ளை என்றால் பொழுதுபடத் திரும்பிப் போகும் பயம் வேறு.

வகுப்பில் பெரும்பாலானவர்களுக்குக் கணிதத்தில் டபிள்யூ. பெறுபேறு வந்த கிழமையே பாதிப் பேர் வெங்காயத் தோட்டத்துக்கும் வாடிக்கும் போய்விட்டார்கள். ஹாஜியார் கண்டது இந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். தோட்டத்துக்குப் போனதால் அந்தப் பிள்ளை தவறவில்லை. தவறியதால்தான் தோட்டத்துக்குப் போனது.

"நாட்டிலேயே ஆசிரியர் பஞ்சம், என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கையில் 10,000 அளவில் அரச பாடசாலைகள். ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்கள். 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்குக் குறையாத ஆசிரியர்கள். வகுத்துப் பாருங்கள், 17, 18 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வரும். இதைப் பஞ்சம் என்று யாராவது சொல்வார்களா? அப்படியானால் அந்த ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

எங்கள் வலயம் கல்பிட்டிக் குடாவிலிருந்து ஆனமடுவைப் பக்கம் வரைக்கும் நீளுகிறது. சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் இரண்டும் உண்டு. முஸ்லிம், சிங்களவர், கத்தோலிக்கர், இந்துக்கள் எல்லாருடைய பிள்ளைகளும் உண்டு. இப்படிப்பட்ட வலயத்தில் மொத்தத் தொகை என்பது ஒரு மூடுதுணி. மொத்தத்தில் ஆள் சரியாக இருந்தாலும், மொழி வாரியாக, பாட வாரியாக, பாடசாலை வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். ஒரு பாடசாலையில் சமய பாடத்துக்கு மூன்று பேர் இருந்து கணிதத்துக்கு ஒருவரும் இல்லாவிட்டாலும் தாளில் "ஆசிரியர் போதும்" என்றுதான் வரும். மாகாணப் பாடசாலைகளின் விசயம் முடிவாவது குருநாகலில். வடமேல் மாகாணத்தில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் சிறுபான்மை. கத்துகிறவன் இல்லாத இடத்தில் கோப்பு தூங்கத்தான் செய்யும். 1956இல் பாராளுமன்றத்துக்கு எச். எஸ். இஸ்மாயிலைச் சபாநாயகராகக் கொடுத்த ஊர் எங்களுடையது, இன்றைக்கு ஒரு கணித ஆசிரியரைக் கேட்டு வாங்கத் தெரியாமல் நிற்கிறது.

அடுத்தது "இணைப்பு". தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நியமனமும் சம்பளமும் கஷ்டப் பிரதேசப் பாடசாலையின் பெயரில், ஆள் மட்டும் "தற்காலிகமாக" டவுன் பாடசாலையில். தற்காலிகம் என்பது சிலருக்கு ஐந்து வருடம், ஆறு வருடம் போகும். அந்தச் சின்னப் பாடசாலையின் கணக்கில் வெற்றிடமே இல்லை, ஆகவே புதிய ஆளும் வராது. இதற்கு யார் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் நாங்கள் மாலை போட்டு மேடையில் ஏற்றுகிற எங்கள் ஆட்கள்தான். மகளின் வசதிக்காக அந்தக் கடிதம் வாங்க வாசலில் காத்து நிற்பவரும் எங்கள் ஆள்தான்.

கிழக்கிலிருந்து வந்து திரும்பிப் போகிற ஆசிரியர்களை ஏசுவது இங்கே ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. அட்டாளைச்சேனைக் கல்விக் கல்லூரியில் பயிற்சி முடித்து வருகிற பிள்ளை, கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு இரவு பஸ்ஸில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வருகிறது. இங்கே வந்தால் ஒரு அறைக்கு நாங்கள் கேட்கிற வாடகையைப் பாருங்கள். எந்த உம்மாதான் கட்டாயச் சேவைக் காலத்துக்கு மேல் ஒரு நாள் நிற்பாள்? நான் என்றாலும் போய்விடுவேன்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏன் எங்கள் மண்ணிலிருந்தே கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் உருவாகவில்லை? 1ஏபி என்றால் உயர் தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள பாடசாலை. தமிழ் மொழியில் அப்படியொன்றை டவுனுக்கு வெளியே தேடிப் பாருங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். சாதாரண தரத்தில் கணிதம் விழுந்தால் உயர் தரத்தில் விஞ்ஞானம் இல்லை. விஞ்ஞானம் இல்லையென்றால் அந்தக் கிராமத்திலிருந்து பட்டதாரி இல்லை. பட்டதாரி இல்லையென்றால் மறுபடி வெளியூரிலிருந்துதான் டீச்சர் வர வேண்டும், வந்தவர் போகத்தான் செய்வார். செக்கு மாடு மாதிரி முப்பது வருடமாக இதைத்தான் சுற்றுகிறோம்.

முப்பது வருடம் என்றவுடன் சிலர் பழைய பல்லவியைத் தொடங்குவார்கள்: "அகதிகள் வந்துதான் எல்லாம் கெட்டது, எங்கள் பிள்ளைகளின் கம்பஸ் இடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்." 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய 75,000 அளவிலான முஸ்லிம்களில் பெரும்பகுதி இங்கேதான் வந்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகளும் பின்னேரம் வந்த பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் படித்த காலம் இருந்தது. ஓலைக் கொட்டிலில் மணலில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று இதே வலயத்தில் என்னோடு படிப்பிக்கிறார்கள். நெருக்கடி உண்மை. அந்த நாளில் புதிய ஆசிரியர்களும் கட்டடமும் தேவைக்கேற்ப வராததும் உண்மை. அந்தக் குறையைச் செய்த அரசாங்கத்தை விட்டுவிட்டு, பக்கத்து வாங்கில் உட்கார்ந்த பிள்ளையை இன்றும் ஏசிக்கொண்டிருக்கிறோம்.

கம்பஸ் கணக்கையும் பாருங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகைமையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் புத்தளமும் ஒன்று. ஆக, எங்கள் மாவட்டத்துக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. சிலாபம், மாரவில, வென்னப்புவப் பக்கத்துப் பிள்ளைகளும் இதே மாவட்டம்தான், அவர்கள் படித்து எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை எதற்குக் குறை சொல்ல வேண்டும்? எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பிரிவில் பரீட்சைக்குப் போகவே ஆள் குறைவு. இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் எங்களுக்கு இரண்டாவது பிரச்சினை.

பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் வெளிநாட்டுச் சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை. நுழைவாயில் வளைவுக்கும் ஏசி மண்டபத்துக்கும் கேட்டவுடன் பணம் வருகிறது. வெளியூர் டீச்சர்மார் நாலு பேர் பாதுகாப்பாகத் தங்க ஒரு வீடு வேண்டும் என்று கேட்டால் "அது அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை" என்கிறார்கள். அரசாங்கத்தின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் வளைவு யாருடைய வேலை?

ஏசியதோடு நிற்காமல் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, காரணம் சொல்லவும் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒவ்வொன்றிலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? இன்று உண்மையில் அங்கே நின்று படிப்பிப்பவர் எத்தனை? யார் யார் எந்தத் திகதியிலிருந்து எங்கே இணைப்பில் இருக்கிறார்கள்? சிங்கள மொழிமூலக் கிராமப் பாடசாலைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் இதே நோய்தான், அவர்களும் சேர்ந்து கேட்டால் இதை இனப் பிரச்சினையாக்கி ஒதுக்க முடியாது.

விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். நான் அரச ஊழியர், பெற்றோரின் பெயரில் போவதுதான் பலம். கல்பிட்டிப் பக்கத்திலிருந்து இதுவரை இரண்டு வாப்பாமாரும் ஒரு உம்மாவும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த உம்மா பகலில் உப்பளத்தில் வேலை, அஸருக்குப் பிறகுதான் வீட்டில் இருப்பார். டவுனில் இருந்து இன்னும் ஒருவரும் இல்லை. பெயர் தர விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், வியாழக்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன்.